துண்டுக்குள் அவள் கை

ஏனுங்க தம்பி, அந்தக் காகிதத்தை உறைக்குள்ளே வையுங்க. திருட்டுப் பயத்துக்காகச் சொல்லவில்லை. திருப்பூரில் ஏறினதிலிருந்து அதையே மடியில் விரித்துவைத்துப் படித்துக்கொண்டு வர்றீங்க. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. பவர்தானே? உங்கப்பா உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறது? நான் படித்தது மூணாங் கிளாஸ். ஆனால் பவர் பத்திரம் என்றால் எதிர் சீட்டிலிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அப்பா தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாரா. சரி. பேசுகிறாரா? நடக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. பேசுகிறாரா? பேசுகிறார் என்றால் சரி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் பேர் சென்னியப்பன். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு. என் தோளைப் பார்க்கிறீங்க. மாட்டுத் தரகன் என்கிறான், துண்டைக் காணோமே என்றுதானே? முப்பத்தெட்டு வருசத்தில் தோளில் துண்டில்லாமல் நான் வீட்டுப் படி இறங்கினது இன்றைக்குத்தான். அதற்கும் வருகிறேன்.

ஏப்பா டீ, இங்கே ரெண்டு. என்ன விலை? இந்தக் கப்புக்கா? இதுல டீ இருக்குதா, இல்லே டீயைக் காட்டிட்டு எடுத்துட்டியா? சரி, சரி, கொடு. விடுங்க தம்பி, நான் கொடுக்கிறேன். பேரம் பேசாமல் வாங்கினால் எனக்குத் தொண்டையில் இறங்காது, வேறொன்றுமில்லை.

நாளைக்குக் காலையில் ஹைகோர்ட்டில் என் சம்சாரத்தின் கேஸ். அவள் மேலே கேஸ் இல்லை, அவளைப் பற்றின கேஸ். பதினோரு மாசமாகக் கட்டிலில் கிடக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், வளர்மதி. 'எங்கம்மாவுக்கு என்னைக் கார்டியனாப் போடுங்க' என்று அவள் மனுப் போட்டிருக்கிறாள். கூடாது என்று நான் எதிர்மனுப் போட்டிருக்கிறேன். ஜட்ஜ் என்னை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாராம். அந்தப் பதிலைத்தான் விடிந்ததிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டு வருகிறேன்.

பயமாக இருக்குங்க.

இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருதரம் பேரம் படியாமல் ஒருத்தன் கொம்பு சீவுகிற கத்தியைத் தூக்கிக்கொண்டு என் கழுத்துக்கு வந்தான். 'வெட்டறதுன்னா வெட்டு, விலை குறையாது' என்று சொன்னவன் நான். அவனே சிரித்துவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனான். அந்த ஆள்தான் இப்போது உங்கள் முன்னாலே டீக் கப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெயில் பயமா என்று கேட்கிறீங்க. அதுவும் இருக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். அந்தப் பயம் வயிற்றோடு நின்றுவிடும். இது விரலில் இருக்கிறது.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டோம். பார்த்திருப்பீங்க, ரெண்டு பேர் கையைச் சேர்த்து மேலே துண்டைப் போட்டிருப்பார்கள். உள்ளே விரல் பேசும். எத்தனை விரல் பிடிக்கிறானோ அதுதான் கணக்கு. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், 'உங்க பக்கம் நல்ல மழைங்களா' என்று. சுற்றி நூறு பேர் நிற்பார்கள், ஒருத்தனுக்கும் உள்ளே நடக்கிறது தெரியாது. சம்மதம் என்றால் விரலை இறுக்கிப் பிடிக்கணும். இல்லை என்றால் கையை உருவிக்கணும். எல்லாம் முடிந்தால் துண்டை உதறித் தோளில் போடணும். உதறாத வரைக்கும் பேரம் முடியவில்லை என்று அர்த்தம். ஒருத்தன் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றவன் எழுந்து போகக் கூடாது. போனால் அவனைச் சந்தையில் ஒருத்தனும் மதிக்கமாட்டான்.

இது வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத பாஷை. என் சம்சாரத்துக்குத் தெரியும். தெய்வாத்தாள் என்று பேர். கல்யாணம் ஆன புதிதில் பத்துப் பேர் இருக்கிற வீட்டில் புருசன் பெண்டாட்டி பேச முடியுமா? பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் என் துண்டை மடிமேல் போட்டு உள்ளே விரலைப் பிடிப்பேன். 'சினிமாவுக்குப் போலாமா' என்று அர்த்தம். இறுக்கினால் போகலாம். உருவினால் இல்லை. பெரும்பாலும் உருவிவிடுவாள். சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள்.

அப்புறம் அவளே எருமை வளர்த்தாள். அதை விற்கிறபோது என் பக்கத்தில் வந்து நிற்பாள். வாங்குகிறவன் என் ஒரு கையைப் பிடித்திருப்பான், அவள் துண்டின் மறு ஓரத்தில் என் இன்னொரு கையைப் பிடித்திருப்பாள். அவள் உருவினால் நான் 'போய்யா, வேற மாடு பாரு' என்று எழுந்துவிடுவேன். அவள் உருவின பேரம் எதுவும் பின்னாலே நமக்கு நட்டமாகப் போனதில்லை. நானே சொல்லக் கூடாது, ஆனால் என் கையை விட நல்ல கை.

அந்தப் பாலை விற்று விற்று மூணு ஏக்கர் காடு வாங்கினாள்; வெள்ளாமை நிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம். பதினெட்டு வருசம். அவள் பேரில்தான் பத்திரம். கிணறு இருக்கிறது, ரோட்டு மேலேயே இருக்கிறது. அதை விற்றுவிட்டு லாரி வாங்கலாம், தரகை விட்டுவிட்டு நானே மாடு ஏற்றிக் கேரளாவுக்கு ஓட்டலாம் என்று அஞ்சாறு தரம் கேட்டிருக்கிறேன். கேட்டேன் என்றால் கத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்க. என் வாய் அப்படி. ஒருதரம் சோற்றுத் தட்டை வீசினேன். அவள் மேலே படவில்லை, செவுத்தில்தான் பட்டது. அவள் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. என் கையைப் பிடிப்பாள், அப்புறம் உருவிக்கொள்வாள். அவ்வளவுதான். லாரியைக் கடனில் வாங்கினேன்.

ரெண்டு வருசம் முன்னால் அவளுக்கு முழங்கால் ஆபரேசன். காட்டுக்குக் கரண்ட் கனெக்சன் மாற்றணும், அவளால் ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது. அதற்காகத்தான் பவர். பத்திரம் எழுதுகிறவர், 'வந்ததே வந்தீங்க, எல்லாத்தையும் சேத்து எழுதிடறேன், பின்னாடி உதவும்' என்றார். விற்கிறது, அடமானம் வைக்கிறது, எல்லாம். பொதுவாக அப்படித்தான் எழுதுவார்களாம். 'எதுக்குங்க கரண்டுக்கு இத்தனை பக்கம்?' என்று தெய்வாத்தாள் கேட்டாள். 'கவருமெண்டுன்னா அப்படித்தான், போடு' என்றேன். பொய் சொல்லவில்லை. கரண்ட் ஆபீசும் அதில் இருந்தது.

போன ஆடியில் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டுத்தரையில் சாய்ந்தாள். தலைக்குள்ளே நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பது நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அப்புறம், 'வீட்டுல வெச்சுப் பாருங்க' என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கில் குழாய். கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. பகலுக்கு ஒரு நர்ஸ் பெண்ணைப் போட்டேன். அந்த ரூமுக்கு ஏசி போட்டேன். செய்யாதது ஒன்றும் இல்லை, தம்பி.

வீட்டுக்கு வந்த மூணாவது நாள், என்ன தோன்றியதோ, அவள் கைமேல் துண்டைப் போட்டு உள்ளே கையை விட்டேன். 'தெய்வா' என்றேன். பிடித்தாள்.

பிடித்தாள் தம்பி. இறுக்கிப் பிடித்தாள். நான் ஆம்பிளை, அழுதேன். நர்ஸ் பெண் பயந்துபோய் வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் தினமும் அதுதான். 'வலிக்குதா?' பிடிப்பாள். 'டீ குடிச்சுட்டு வரட்டுமா?' பிடிப்பாள். 'நான் யாருன்னு தெரியுதா?' பிடிப்பாள். எதைக் கேட்டாலும் பிடித்தாள். முப்பது வருசம் பாதிக்குப் பாதி உருவினவள், எதைக் கேட்டாலும் பிடித்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்கணும். உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவு வந்து நின்றது. வளர்மதி, 'லாரியை வித்துடுங்கப்பா' என்றாள். லாரியை விற்றுவிட்டு நான் என்ன செய்வேன்? அந்த நேரம் பார்த்து நடராசு வந்தான். எங்கள் ஊர்த் தென்னைநார் மில்காரன். ரோட்டோரக் காட்டு மேலே அவனுக்கு ரொம்ப நாள் கண்.

அவன் வந்த அன்றைக்கு வெய்யில். தெய்வாத்தாள் கிடக்கிற ரூமில்தான் ஏசி. அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். துண்டைப் போட்டோம். அவள் கட்டில் என் முழங்கைக்கு இந்தண்டை. நடராசு கட்டிலைப் பார்த்துவிட்டு, 'அக்காவுக்கு இதெல்லாம் தெரியுங்களா மாமா?' என்றான்.

நான் சொன்னதை உங்களிடம் அப்படியே சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை.

'அவ கட்டை மாதிரிக் கெடக்கறா நடராசு. நாம பேசறது செவுத்துக்குக் கேட்டாலும் கேக்கும், அவளுக்குக் கேக்காது. இன்னொரு வருசம் தாங்க மாட்டா. அப்புறம் என்ற மக பங்குக்கு வந்து நிப்பா, உனக்கு இந்த விலைக்குக் கிடைக்காது. இப்பவே முடிச்சுக்க.'

இது தொழில் பேச்சுங்க. அவனை அவசரப்படுத்துகிறதுக்குச் சொன்னது. எந்தத் தரகனும் சொல்வான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கையைப் பிடித்து, 'காட்டைக் குடுத்தறலாமா தெய்வா?' என்று கேட்டேன். பிடித்தாள். கேட்டுத்தான் செய்தேன். கேட்காமல் செய்தேன் என்று ஒருத்தனும் சொல்ல முடியாது.

பத்திர ஆபீசில் ஒரே ஒரு காகிதம் கேட்டார்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சர்டிபிகேட். எங்கள் தெரு முக்கு டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், எழுதிக் கொடுத்தார். உயிரோடு இருக்கிறாளா என்றுதான் கேட்டார்கள். நினைவோடு இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும். கையெழுத்துப் போட்டேன். தெய்வாத்தாளுக்காக, அவள் ஏஜெண்டு சென்னியப்பன்.

மூணு மாசம் கழித்து வளர்மதி வந்தாள். உடுமலையில் டீச்சர். வந்ததும் அம்மாவைக்கூடப் பார்க்காமல் ஒரு காகிதத்தை என் முன்னாலே வைத்தாள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருக்கிறாள்.

'அம்மா காட்டை வித்துட்டீங்களாப்பா?'

'பவர் இருக்குது கண்ணு. உங்கம்மா குடுத்தது.'

'குடுத்த அம்மா எங்கே?'

'கட்டில்ல.'

'நான் கேக்கறது புரியுதா உங்களுக்கு?'

'கேட்டுத்தான் வித்தேன். வா, காட்டறேன்.' அவளைக் கூட்டிக்கொண்டு போய், துண்டைப் போட்டு, அம்மா கையில் அவள் கையை வைத்தேன். தெய்வாத்தாள் பிடித்தாள். வளர்மதி ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து, 'அம்மா என்ன மாடாப்பா? இது என்ன சந்தையா?' என்றாள்.

நான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடுத்த வாரம் ஹைகோர்ட் நோட்டீஸ் வந்தது.

வக்கீலிடம் ஓடினேன். மெட்ராஸ் வக்கீல், நிதானமான மனுசன். 'பவர்ங்கிறது உங்க கை இல்லீங்க, பெரியவரே. அது அந்தம்மாவோட கை. உங்க வரைக்கும் நீட்டியிருக்காங்க, அவ்வளவுதான். அவங்களுக்கு நெனவு இருக்கற வரைக்குந்தான் அந்தக் கைக்கு உயிர். நெனவு போன அன்னிக்கே பவரும் போச்சு. அப்புறம் அவங்களுக்காக யாராச்சும் கையெழுத்துப் போடணும்னா, கோர்ட்டு கார்டியன் போடணும். அந்தக் கார்டியனும் கோர்ட்டைக் கேக்காம ஒரு சென்ட் விக்க முடியாது' என்றார்.

'அப்போ நல்லா இருக்கறப்ப பவர் தேவையில்லை. படுத்துட்டா பவர் செல்லாது. எதுக்குங்க சாமி அந்தக் காகிதம்?' என்று கத்தினேன். ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

'நிறையப் பேரு உங்களை மாதிரித்தான் நினைச்சுட்டு இருக்காங்க' என்றார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், 'ஒரு வழி இருக்கு. கிரயம் பண்ணின தேதியில அந்தம்மாவுக்கு நெனவு இருந்துச்சுன்னு காட்டிட்டா, பவர் உயிரோட இருக்கு. கிரயம் நிக்கும். கார்டியனே தேவையில்லை.'

எனக்கு உசிர் வந்தது. என்னிடம்தான் சாட்சி இருக்கிறதே. அவள் கை இருக்கிறதே.

இது என்ன ஸ்டேஷன்? ஜோலார்பேட்டையா? இன்னும் நேரம் இருக்கிறது. நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேண்டாம்.

பத்து நாளைக்கு முன்னால் கோர்ட் உத்தரவுப்படி மூணு டாக்டர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேசினது ஒரு அம்மா, சின்ன வயசு. தெய்வாத்தாள் உள்ளங்கையில் ரெண்டு விரலை வைத்து, 'அம்மா, நான் சொல்றது கேட்டா கையை அழுத்துங்க' என்றார். அழுத்தினாள். நான் வளர்மதியைப் பார்த்தேன், பார்த்தாயா என்று. அந்த டாக்டர், 'இப்போ விடுங்கம்மா' என்றார். விடவில்லை. விரலைப் பிரித்து எடுத்துவிட்டுத் தன் பேனாவை வைத்தார். பேனாவையும் பிடித்தாள். பஞ்சுச் சுருளை வைத்தார். அதையும் பிடித்தாள்.

'ஐயா, இது நெனவு இல்லீங்க' என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். 'மூளை இப்படி அடிபட்டா, உள்ளங்கையில எது பட்டாலும் விரல் தானா மூடிக்கும். பொறந்த குழந்தைக்கும் அப்படித்தான். அவங்க உங்களுக்குப் பதில் சொல்லலை.'

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 'நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து இவ கையை நான் பிடிச்சுட்டு இருக்கேன். எனக்குத் தெரியாதா? பேனாவை வெச்சுக் கேட்டா அவ என்ன சொல்லுவா? தள்ளுங்க, கேக்கத் தெரிஞ்சவன் கேக்கறேன்' என்று முன்னால் போனேன். அந்த டாக்டர் தடுக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

துண்டைப் போட்டேன். கையை உள்ளே விட்டேன். பிடித்தாள். எப்போதும் போல. சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, 'தெய்வா, காட்டை நடராசுக்கு வித்தது உனக்குச் சம்மதந்தானே?' என்றேன்.

சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. அப்புறம் அடுத்தது. ஒவ்வொன்றாக. அப்புறம் கை பின்னால் போனது தம்பி. ஒரு சாண் இருக்காது, நாலு விரற்கடை. என் கையிலிருந்து கழன்று பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

உருவிவிட்டாள்.

துண்டுக்குள்ளே. மூணு டாக்டர், மகள், நர்ஸ், ஒருத்தரும் பார்க்கவில்லை. அதற்குத்தானே துண்டு.

'என்ன, பிடிச்சாங்களா?' என்று அந்த டாக்டர் கேட்டார். தெய்வாத்தாள் கண் எங்கேயோ மேலே இருக்கிறது. துண்டை உதறினேன். தோளில் போட்டேன்.

'இல்லீங்க' என்றேன். 'ஒண்ணும் இல்லை.'

எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வளர்மதி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'இப்பவாச்சும் ஒத்துக்கிட்டீங்களேப்பா, எனக்கு அது போதும்' என்றாள். நான் நல்ல மனுசனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நீங்க சொல்ல வருகிறது தெரியும். மூடுகிற விரல் திறக்கவும் செய்யும், அதற்கும் அர்த்தம் ஒன்றும் இல்லை. அப்படித்தானே? அப்படியே இருக்கட்டும். பத்து நாளாகச் சாமியிடம் நான் கேட்கிறதும் அதுதான்.

ஏனென்றால், அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருந்தால், எப்போதிலிருந்து தெரியும்? சொல்லுங்க. அன்றைக்கு மட்டும் தெரிந்ததா? நடராசு உட்கார்ந்திருந்தபோது தெரியுமா? கட்டை மாதிரி என்று சொன்னேனே, அப்போது? இன்னொரு வருசம் தாங்க மாட்டா என்று விரல்விட்டுச் சொன்னேனே? என் முழங்கைக்கு இந்தண்டை இருந்தாளே. ஒருநாள் குழாய் கழன்று வந்துவிட்டது, நர்ஸ் வரவில்லை, 'எந்திரிச்சுத் தொலையேன், இல்லாட்டிப் போய்த் தொலையேன்' என்று முகத்துக்கு நேரே கத்தினேன். பதினோரு மாசம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்த நாள் எது?

பத்து நாளாக அந்த ரூமுக்குள் போகவில்லை. வாசலோடு நின்று நர்சைக் கேட்டுக்கொள்வேன். போன வியாழக்கிழமை சந்தையில் ஒருத்தன் என் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தான். நான் கையை உருவிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று வக்கீல் போன் பண்ணினார். 'ரிப்போர்ட் நமக்கு எதிரா வந்திருக்கு. ஆனாலும் ஜட்ஜ் உங்களைக் கேப்பார், உங்க கேள்விக்கு அந்தம்மா எப்பவாச்சும் பதில் சொன்னாங்களான்னு. ஆமாம்னு உறுதியாச் சொல்லுங்க. நர்ஸ் பொண்ணும் பாத்திருக்கு. நாம இழுத்துப் பிடிக்கலாம்' என்றார்.

இழுத்துப் பிடிக்கலாம். என் பிழைப்பே அதுதான். நினைவு இருக்கிறது என்று சொன்னால் பவர் நிற்கும், காடு விற்றது நிற்கும், நடராசு என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நினைவு இருக்கிறவள் எனக்குப் பதில் சொல்லிவிட்டாள். நான் மட்டும் கேட்ட பதில். அந்தப் பதிலோடு அந்த வீட்டில் நான் படுத்து எழுந்திருக்கணும். அவள் கண்ணைத் திறந்துகொண்டு எல்லாத்தையும் கேட்டபடி பக்கத்து ரூமில் இருப்பாள்.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். 'இல்லீங்க ஐயா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, விழுந்த நாள் முதலாத் தெரியாது. என்ற மகளையே போடுங்க' என்று சொல்லப் போகிறேன். பவர் செத்தது. காடு திரும்பும். நடராசு என்னை மோசடிக் கேசில் இழுப்பான், லாரியும் போகும். முப்பத்தெட்டு வருசத்தில் இவ்வளவு விட்டுக்கொடுத்து நான் ஒரு பேரம் முடித்ததில்லை. ஆனால் பதிலுக்கு எனக்கு ஒன்று கிடைக்கும். ஹைகோர்ட் சீல் வைத்து ஒரு காகிதம் கொடுப்பார்கள். தெய்வாத்தாளுக்கு நினைவு இல்லை, எதையும் அறியமாட்டாள் என்று இங்கிலீசில் எழுதியிருக்கும். எனக்கு அந்தக் காகிதம் வேணும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

துண்டு எங்கே என்று சொல்லவில்லையே.

இன்றைக்குக் கிளம்புகிறபோது மனசு கேட்கவில்லை. பத்து நாளுக்கப்புறம் உள்ளே போனேன். 'கோர்ட்டுக்குப் போயிட்டு வரேன், காடு உனக்கே வந்துரும்' என்று சொல்லக் குனிந்தேன். துண்டு தோளிலிருந்து சரிந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. விரல் மூடிக்கொண்டது. இழுத்தேன். விடவில்லை. நான் மிரண்ட காளையைக் கயிற்றில் நிறுத்துகிறவன், அந்தக் கையிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்க முடியாதா? பிடுங்கவில்லை. விட்டுவிட்டு வந்துவிட்டேன். டாக்டர்தான் சொன்னாரே, எது பட்டாலும் பிடிக்கும் என்று. பேனாவைப் பிடித்தாள், பஞ்சைப் பிடித்தாள், துண்டைப் பிடிக்கமாட்டாளா.

அரக்கோணம் தாண்டிவிட்டது, பாருங்க. உங்கள் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்க. அப்பாவுக்கு வாய் இருக்கிறபோதே எல்லாத்தையும் வாயால் கேளுங்க. எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உரக்கப் படித்துக் காட்டுங்க. அவர் இல்லை என்று சொன்னால், சரி என்று வந்துவிடுங்க.

என் போன்தான் அடிக்கிறது. வளர்மதி. நான் வந்துவிட்டதால் இன்றைக்கு அம்மா பக்கத்தில் அவள்தான் இருக்கிறாள். ரெண்டு தரம் அடித்துவிட்டது, நான் எடுக்கவில்லை. தம்பி, நீங்க எடுங்க. பக்கத்து சீட்டுக்காரன் என்று சொல்லுங்க. வேறொன்றும் பேச வேண்டாம். அம்மா துண்டை விட்டுவிட்டாளா, அதை மட்டும் கேளுங்க.